வன்னி வளவில் லீக்ஸ்: புரட்டாசி விதைப்பிலிருந்து வைகாசி வெட்டு வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. அடுத்த ஆண்டு டீசலுக்கே வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. தம்புள்ளையிலிருந்து வரும் மரக்கறியை நம்பியிருந்த பலர் அந்தக் காலத்தில்தான் வளவுக்குள் பாத்தி கட்டத் தொடங்கினார்கள். கத்தரி, வெண்டி, பயிற்றை நமக்குப் பழகிய பயிர்கள், யாரையும் கேட்க வேண்டியதில்லை. லீக்ஸ் அப்படியில்லை. என் வளவில் அது நிற்பதைக் கண்டவர்களும் நாற்று வாங்கிக்கொண்டு போனவர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னாரின் பெருநிலப் பகுதி ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியது இது. மலைநாட்டுக்காரருக்கு உதவாது.

அக்கா, லீக்ஸ் நுவரெலியாச் சாமான் எல்லோ? எங்கடை வெக்கைக்கு வருமோ?

வரும். ஆனால் நுவரெலியா லீக்ஸ் மாதிரி வராது. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. லீக்ஸுக்குப் பிடித்த வெப்பநிலை 13 முதல் 24 பாகை செல்சியஸ் வரை. நமக்கு மார்கழி, தை இரவுகள் மட்டும்தான் அந்தக் கணக்குக்குள் வரும். அதனால் இங்கே தண்டு பெருவிரல் மொத்தத்துக்கு வந்தால் அது நல்ல விளைச்சல். சுண்டுவிரல் மொத்தத்தில் நிறையக் கிடைக்கும். மணத்துக்குக் குறைவில்லை.

1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களில் மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், நடுகையை அவர்களிடம் பார்த்துப் பழகுங்கள். எந்த மாதத்தில் போடுவது என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் சொல்வது மலைக்கான கணக்காக இருக்கும்.

அப்ப எந்த மாதம் விதை போடுறது?

காலபோக மழையை ஒட்டித்தான். புரட்டாசி பிறந்ததும், அதாவது செப்டெம்பர் நடுவில், முதல் விதைப்பு. ஐப்பசி பிறந்ததும் இரண்டாவது, கார்த்திகை பிறந்ததும் மூன்றாவது. விதை போட்டு நாற்று நடுகிற பருவத்துக்கு வர ஏறத்தாழ இரண்டு மாதம் செல்லும். ஆகவே நடுகை கார்த்திகை, மார்கழி, தை என்று விழும். முதல் நடுகை அடைமழைக்குள் அகப்படும், அதைப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்ற வேண்டும். இரண்டாவதுதான் மூன்றிலும் திறம். மூன்றாவது மெல்லிசாகத்தான் வரும், ஆனால் சித்திரையில் கறிக்கு இருப்பது அதுதான்.

இப்படிப் போட்டால் தைப்பொங்கலுக்கு மெல்லிய தண்டு, மாசி பங்குனியில் மொத்தத் தண்டு, சித்திரையில் மூன்றாம் நடுகை, அப்புறம் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வரும் வரைக்கும் இலை என்று ஓடும்.

மூண்டு தரம் போட எனக்கு நேரமில்லை. ஒருக்காப் போட்டால் எவ்வளவு காலத்துக்குப் பிடுங்கலாம்?

பிடுங்கினால் சீக்கிரம் முடிந்துவிடும். வெட்டினால் முடியாது. வன்னியில் லீக்ஸை நீண்ட காலம் எடுப்பதற்கு விதைப்பை விட வெட்டுத்தான் முக்கியம் என்பது என் எண்ணம். மொத்தமாகட்டும் என்று காத்திருப்பவர்களுக்குப் பங்குனி வெயில் வந்து எல்லாவற்றையும் ஒன்றாக வாட்டிவிடும்.

நான் செய்வது இது. 3 அடி அகலம், 10 அடி நீளத்தில் ஒரு பாத்தி. வரிசைக்கு வரிசை 9 அங்குலம், கன்றுக்குக் கன்று 4 அங்குலம் விட்டு நட்டால் 120 கன்று கொள்ளும். நாலு பேர் உள்ள வீட்டுக்குக் காணும். தையில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிடுங்கிக் கறிக்கு எடுத்துவிடுவேன். மிச்சக் கன்றுகளுக்கு அப்போது 8 அங்குல இடம் கிடைக்கும், அவை மொத்தமாகும். மாசியிலிருந்து அவற்றைப் பிடுங்காமல், மண்ணுக்கு மேலே ஒன்றரை அங்குலம் விட்டுக் கூரான கத்தியால் வெட்டி எடுப்பேன். லீக்ஸின் வளரும் குருத்து அடியில் வேருக்குச் சற்று மேலே இருக்கிறது, வெட்டு அதைத் தொடாது. வெட்டின தண்டை மறுநாள் காலை குனிந்து பாருங்கள். வெளி வளையங்கள் வெட்டின மட்டத்திலேயே நிற்க, நடு வளையம் மட்டும் வெளிர்பச்சையாக மேலே எழும்பியிருக்கும். மூன்று நாலு கிழமையில் மறுபடி வெட்டலாம். இரண்டாம் வெட்டு முதலாவதை விட மெல்லிசு, மூன்றாவது அனேகமாக இலைதான்.

இடையில் கொஞ்சம் மட்டும் தேவையென்றால் வெட்டவே வேண்டாம். ஒவ்வொரு கன்றிலும் வெளி இலை ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்தால் ஒரு பருப்புக்கறிக்குக் காணும்.

நான் வாங்கின விதை முளைக்கவே இல்லை. கடைக்காரன் ஏமாத்திப்போட்டானோ?

ஏமாற்றாமலும் இருக்கலாம். வெங்காயக் குடும்பத்து விதைகளுக்கு ஆயுள் குறைவு. ஒரு வருடம் நன்றாக முளைக்கும், இரண்டாம் வருடம் பாதிதான், அதற்குப் பிறகு நம்ப முடியாது. இங்கே விற்பது பெரும்பாலும் இறக்குமதி விதை. வாங்கும்போது பக்கற்றின் பின்பக்கத்துத் திகதியைப் பாருங்கள். வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் தொங்கினதை வாங்காதீர்கள். ஒரு கிராமில் ஏறத்தாழ 350 விதை இருக்கும், எனவே சிறிய பக்கற்றே போதும்.

மற்றக் காரணம் சூடு. மண் 30 பாகையைத் தாண்டினால் லீக்ஸ் விதை உறங்கிவிடும். புரட்டாசி வெயிலில் திறந்த பாத்தியில் போட்டால் அதுதான் நடக்கும். இரவு முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, மண்பானைத் தண்ணீர் வைத்திருக்கும் மூலையில் பானையோடு ஒட்ட வையுங்கள். அந்த இடம் வீட்டிலேயே குளிர்ந்த இடம். வெள்ளை முளை நுனி காட்டினதும் எடுத்து, மண்ணும் கூட்டெருவும் மணலும் சமமாகக் கலந்த தட்டில் அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். தட்டு கிடுகு நிழலில் இருக்கட்டும். மேலே ஈரச்சாக்கு, முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும்.

முளைச்சது வெங்காயம் மாதிரி இருக்கு. வெங்காய விதையைத் தந்திட்டாங்களோ?

முதலில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். மடிந்த கம்பி போல வளைந்து வந்து பிறகு நிமிரும். இரண்டு மூன்று இலை வந்ததும் ஒன்றை விரலால் நசித்துப் பாருங்கள். உள்ளே குழலாக இருந்தால் வெங்காயம். தட்டையாக, நடு நரம்பில் மடிந்திருந்தால் லீக்ஸ்.

என்ன இனம் வாங்குறது?

கடையில் தெரிவு அதிகம் இருக்காது. இருந்தால், நீளமாக, வெளிர்பச்சை இலையோடு, சீக்கிரம் வரும் கோடை இனத்தை எடுங்கள். கட்டையாக, நீலம் பாய்ந்த இலையோடு இருக்கும் குளிர்கால இனங்கள் பனி விழும் நாடுகளுக்கானவை. அவை மெதுவாக வளரும், நமக்குக் கிடைக்கும் குளிர் அவற்றுக்குப் போதாது.

எவ்வளவு ஆழத்திலை நடுறது? ஒருத்தர் அரை அடி எண்டுறார், ஒருத்தர் மேலாலை நட்டால் காணும் எண்டுறார்.

இரண்டு பேரும் தங்கள் மண்ணுக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். முல்லைத்தீவுக் கரையோர மணல் என்றால் அரை அடி. அலவாங்கால் நேரே குத்தி, குழிக்குள் நாற்றை இறக்கி, மண் போடாமல் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். தண்ணீரோடு வழியும் மண் வேரை மூடும். மிச்சக் குழி மெல்ல மெல்லத் தானே நிரம்பும், அதற்குள் தண்டு வெளுத்துவிடும். வவுனியா, கிளிநொச்சிச் செம்மண்ணில் முக்கால் அடி உயர்த்தின பாத்தியில் 4 அங்குல ஆழம் போதும்.

முருங்கன் பக்கத்துக் களிமண்ணில் குழியே போடக்கூடாது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ஒரு காலத்தில் ஏற்றின அதே களி அது, மாரியில் குழிக்குள் ஊற்றின தண்ணீர் இறங்கவே இறங்காது. அங்கே மேலாக நட்டு, பிறகு வெளுக்க வைக்க வேறு வழி பார்க்க வேண்டும் (அடுத்த கேள்வி).

நாற்று பென்சில் மொத்தத்துக்கு வந்திருக்க வேண்டும். இலை நுனியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டு நட்டால் வெயிலில் வாட்டம் குறையும். வேரை வெட்டுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. அதனால் ஒரு பலனும் இல்லை, வேர் மடங்காமல் குழிக்குள் இறங்கினால் சரி.

கடை லீக்ஸிலை வெள்ளைத் தண்டு நீளமா இருக்கு, எனக்கு ரண்டு அங்குலம்தான். ஏன்?

வெளிச்சம் படாத பகுதிதான் வெள்ளையாக, மெதுமையாக இருக்கும். அதற்காகத்தான் மண் அணைக்கிறோம். நட்டு ஒரு மாதம் போனதும் தொடங்கி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒன்றிரண்டு அங்குலம் அணையுங்கள். இலைகள் பிரியும் கவட்டுக்கு மேலே மண் போகக்கூடாது. போனால் மண் உள்ளே இறங்கும், அதைச் சாப்பிடும்போதுதான் தெரியும்.

களிமண்காரரும் மண் அணைக்கச் சோம்பல்படுபவர்களும் வாழை மடலைப் பாவிக்கலாம். காய்ந்த மடலை அரை அடித் துண்டாக வெட்டி, தண்டைச் சுற்றி மடித்து, வாழை நாரால் தளர்வாகக் கட்டுங்கள். காற்றுப் போகும், மண் நுழையாது. மழைநாளில் மட்டும் வேண்டாம், உள்ளே ஈரம் தேங்கி அழுகும். மழை விட்ட பிறகு, தையிலிருந்து கட்டினால் போதும். இரண்டு அங்குல வெள்ளையே எனக்குப் போதும் என்றால் அதுவும் சரிதான், பச்சைப் பகுதியும் கறிக்கு ஆகும்.

மழைக்குள்ளை பாத்தியிலை தண்ணி நிண்டிட்டுது. எல்லாம் போச்சுதோ?

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் தப்பும். உடனே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியுங்கள். சேற்றுக்குள் கால் வைத்து மிதிக்காதீர்கள், மண் இறுகிவிடும். ஈரம் காயும் வரை மண் அணைக்கவும் வேண்டாம். ஒரு கிழமையில் இலை மஞ்சளாகும். அது நோய் அல்ல, மழை தழைச்சத்தைக் கழுவிக்கொண்டு போனதன் விளைவு. அடுத்த பதிலில் சொல்லும் பசளையைக் கொடுத்தால் தேறும்.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்த மாதிரி ஒரு மழை வந்தால் எந்தப் பாத்தியும் தாங்காது. அதற்காகத்தான் மூன்று விதைப்பு. முதல் நடுகை போனாலும் தட்டில் இரண்டாவது நிற்கும்.

என்ன பசளை போடுறது?

நன்றாக மக்கின மாட்டெரு அல்லது ஆட்டெரு, நடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னமே பாத்தியில் கலக்க வேண்டும். பச்சைச் சாணியைப் போட்டால் தண்டு அழுகும், களையும் முளைக்கும். இலைப் பயிர் என்பதால் தழைச்சத்துத்தான் முக்கியம். வேலியில் நிற்கும் கிளிசரியாக் குழையை வெட்டி வாளித் தண்ணீரில் பத்து நாள் ஊறப்போட்டு, அந்தச் சாற்றை ஐந்து மடங்கு தண்ணீரில் கலந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊற்றுங்கள். மணம் தாங்க முடியாது, அயலட்டையிடம் முதலே சொல்லிவையுங்கள். யூரியா போடுபவர்கள் சதுர மீற்றருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போக வேண்டாம். அடுப்புச் சாம்பலை இதற்குப் போடாதீர்கள். நம் கிணற்றுத் தண்ணீரில் ஏற்கனவே சுண்ணாம்பு கூட, சாம்பலும் சேர்ந்தால் மண்ணின் காரத்தன்மை ஏறிவிடும்.

எங்கடை கிணறு கொஞ்சம் உவர். அதுதான் இலை நுனி கருகுதோ?

பெரும்பாலும் அதுதான். வெங்காயக் குடும்பம் உப்பைத் தாங்காது. கரையோரக் கிணறுகளில் மாரி முடிந்து ஓரிரு மாதத்தில் உவர் ஏறத் தொடங்கும். கூரை மழைத்தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து நாற்றுக்கும் இளங்கன்றுக்கும் ஊற்றுங்கள். அரிசி கழுவின தண்ணீரும் நல்லது. கிணற்றுத் தண்ணீர்தான் வழி என்றால், கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தெளிப்பதை விட, இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றுவது மேல். அப்போது உப்பு வேருக்குக் கீழே இறங்கும். இப்படியானவர்கள் மூன்றாம் விதைப்பை விட்டுவிடுங்கள்.

நுனி மட்டுமல்லாமல் இலை முழுக்க வெள்ளிக் கோடு கோடாக இருந்தால் அது உப்பு அல்ல, பனிப்பூச்சி.

பனிப்பூச்சிக்கு என்ன அடிக்கிறது? மருந்துக் கடையிலை பெரிய போத்தல் தாறாங்கள்.

வீட்டுக்கு வெட்டிச் சாப்பிடும் பயிருக்கு அந்தப் போத்தல் வேண்டாம். பனிப்பூச்சி மழை விட்டு வெயில் ஏறினதும், மாசியளவில் வரும், இலைக் கவட்டுக்குள் ஒளிந்திருக்கும். கவட்டைக் குறிபார்த்துத் தண்ணீரை வேகமாக அடித்தாலே பாதி குறையும். வேப்பங்கொட்டையை இடித்து, லீற்றருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, சவர்க்காரத் தண்ணீர் கொஞ்சம் சேர்த்து மாலையில் அடியுங்கள். கிழமைக்கு ஒருமுறை. ரொம்பப் பிடித்த பாத்தியை ஒட்ட வெட்டிவிடுவதும் மருந்துதான், புது இலை சுத்தமாக வரும்.

மழைக்காலத்தில் வருவது வேறு. வெள்ளைப் புள்ளி பெரிதாகி நடுவில் ஊதாவாகி இலை ஒடியும், அது பூஞ்சண நோய். பிடித்த இலைகளை ஒடித்து எரியுங்கள், இலையின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், சின்ன வெங்காயம் நின்ற பாத்தியில் அடுத்ததாக லீக்ஸ் நடாதீர்கள். இரண்டுக்கும் ஒரே நோய்தான். காலையில் நாற்று அடியோடு அறுந்து கிடந்தால் சுற்றியுள்ள மண்ணைக் கிளறுங்கள், சுருண்ட புழு அங்கேயே இருக்கும். மயில் நாற்றைக் கொத்தும், வலை போடத்தான் வேண்டும். குரங்கு தின்பதை விடப் பிடுங்கி எறிவதுதான் அதிகம். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கடையிலை வாங்கின லீக்ஸின்ரை வேர்த்துண்டை நட்டால் வளருமாம், மெய்யோ?

மெய்தான். வேர்த்தட்டு அப்படியே இருக்க, மேலே ஓர் அங்குலம் விட்டு வெட்டிய துண்டு வேண்டும். வேரை ஒட்டச் சீவி வைத்திருப்பார்கள், தட்டையும் சேர்த்துச் சீவியிருந்தால் உதவாது. சிரட்டையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நிறுத்தி, நாளுக்கு நாள் தண்ணீர் மாற்றினால் ஒரு கிழமையில் புது வேர் வரும், பிறகு நடலாம். இதில் மொத்தத் தண்டை எதிர்பார்க்காதீர்கள். மேலே வெட்டைப் பற்றிச் சொன்னதேதான், நடு வளையம் எழும்பி இலை தரும். விதைக்கிற காலத்தைத் தவறவிட்டவர்களுக்கு இது நல்ல வழி.

பங்குனிக்குப் பிறகு எல்லாம் வாடுது. கோடையிலும் வைச்சிருக்க ஏலாதோ?

வைத்திருக்கலாம், வளர்க்க ஏலாது. நெல் வெட்டி முடிந்து வைக்கல் கிடைக்கும் காலம் அது. பாத்தியில் நாலு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். மேற்குப் பக்கம் கிடுகு மறைப்பு, மேலே நிழல் வலை, மாலையில் தண்ணீர். மரநிழலில் உள்ள பாத்தி என்றால் இன்னும் நல்லது, முருங்கை நிழல் அளவானது. இப்படி வைகாசி வரை இலை எடுக்கலாம். சோளகம் தொடங்கினால் விட்டுவிடுங்கள். சிறுபோகத்தில் புதிதாக விதைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: வேண்டாம், அந்தத் தண்ணீரை வெண்டிக்கு ஊற்றுங்கள்.

பூக்க விட்டு விதை எடுக்கலாமோ? ஒவ்வொரு வருசமும் வாங்கக் கட்டுப்படியாகாது.

இங்கே பூக்காது. லீக்ஸ் பூத்தண்டு விட வேண்டுமென்றால் பல கிழமைகள் தொடர்ந்து நல்ல குளிர் பட வேண்டும். வன்னியின் மார்கழிக்கு அந்தக் குளிர் இல்லை. இதில் ஒரு நன்மையும் உண்டு. குளிர் நாடுகளில் பூத்தண்டு கிளம்பினால் நடு கட்டியாகிப் பயிர் அதோடு முடிந்துவிடும். நமக்கு அந்தப் பயம் இல்லாததால்தான் திரும்பத் திரும்ப வெட்ட முடிகிறது.

செலவைக் குறைக்க, ஒரு பக்கற்றை அயல் வீடுகள் இரண்டு மூன்று சேர்ந்து வாங்குங்கள். மிஞ்சின விதையைக் காற்றுப் புகாத போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அடுத்த புரட்டாசிக்கு உதவும்.

பச்சை இலையையும் சமைக்கலாமோ? வெட்டினதை எத்தினை நாள் வைக்கலாம்?

வெள்ளையும் இளம்பச்சையும் உருளைக்கிழங்கோடு பிரட்ட, றோல்ஸுக்குள் வைக்க. கடும்பச்சையை மெல்லிசாக அரிந்து, தேங்காய்ப்பூவும் மாசித்தூளும் போட்டு வறை வையுங்கள். கழுவும்போது நீளவாக்கில் பிளந்து, நுனி கீழே பார்க்கப் பிடித்துக் கழுவினால்தான் மண் போகும். குளிர்சாதனப் பெட்டியில் கழுவாமல், பழைய பேப்பரில் சுற்றி வைத்தால் ஒரு கிழமைக்கு மேல் நிற்கும். பெட்டி இல்லாத வீட்டில் வேரோடு பிடுங்கி, நிழலில் ஈரமணல் வாளிக்குள் ஊன்றி வைத்தால் நாலைந்து நாள் வாடாது.

மிஞ்சின இலையை மாட்டுக்குப் போடலாமோ?

போடாதீர்கள். வெங்காயக் குடும்பத்தில் உள்ள சில பொருட்கள் மாட்டின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கொஞ்சம் தின்றாலே பாலில் மணம் வரும், தொடர்ந்து நிறையத் தின்றால் மாடு சோர்ந்து விழலாம், சிறுநீர் சிவக்கும். ஆடு ஓரளவு தாங்கும், ஆனாலும் அதற்கென்று போட வேண்டாம். நாய்க்கும் பூனைக்கும் சமைத்த மிச்சம்கூடக் கூடாது. இலையைக் கூட்டெருக் குழிக்குள் போடுங்கள். நோய் பிடித்த இலை என்றால் குழிக்கும் வேண்டாம், எரித்துவிடுங்கள்.